பதினாலு தடவை

குழாய்க்காரர் ஒரு நாளைக்குப் பதினாலு தடவை கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதால் கேட்க நன்றாக இல்லைதான். என்ன செய்வது, இந்தக் கதையில் வருகிற மனிதர்களைவிட அந்த எண்ணுக்குத்தான் மரியாதை அதிகம். அந்த ஏற்பாட்டைச் செய்தது நான் இல்லை, மருத்துவமனை.

இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுக் கழிப்பறைகளில் முழங்கை வரை கையை விட்டு அடைப்பு எடுத்தவர் அவர். எதைப் பார்த்தும் முகம் சுளிக்காத மனிதர், தன் வீட்டில் ரத்தத்தைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனார். மூன்று வருஷத்துக்கு முன்பே ஒரு டாக்டர் சொல்லியிருந்தார்: பெருங்குடலின் உள்சுவர் பூராவும் புண், முழுசாகப் போகாது, அடங்கிக் கிடக்கும், தோன்றும்போது கிளம்பும். மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலத்தை ஓட்டினார். இந்தத் தடவை கிளம்பியது அடங்குகிற வழியாக இல்லை. பத்து நாளில் ஆறு கிலோ இறங்கிவிட்டார். ஒரு வீட்டில் குழாய் மாட்டப் போனவர், மாட்டி முடிப்பதற்குள் நாலு தடவை அவர்கள் கழிப்பறைக்கே ஓடினார். அந்த வீட்டம்மா, "வேலைக்கு வந்தீங்களா, குடியிருக்க வந்தீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதற்குப் பிறகு வேலைக்குப் போகவில்லை.

அவருடைய மனைவி ஒரு கூரியர் அலுவலகத்தில் பொட்டலங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவள். இரண்டு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு பெருங்குடல் முன்னேற்ற மையத்துக்கு வந்தாள். வாசலில் ஒரு மின்பலகை இருந்தது. 'நேற்றைய முன்னேற்றம்: நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு.' மீதி ஆறு பேர் என்ன ஆனார்கள் என்று பலகையில் போடவில்லை. குழாய்க்காரர் அதையேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

சேர்க்கை மேசையில் இருந்தவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "ஒரு நாளைக்கு எத்தனை?"

"பதினாலு."

"யாரு எண்ணினது?"

"நான்தான். இவளும் எண்ணினா."

"வீட்டு எண்ணிக்கையை நாங்க எடுத்துக்கறதில்லை. அந்தக் கதவு தெரியுது பாருங்க, அதுல போனாத்தான் கணக்கு. ஆறு வந்தா தீவிரம், சேத்துக்குவோம். அஞ்சோட நின்னா வீட்டுக்குப் போகலாம்."

அந்தக் கதவு ஒன்றிலிருந்து இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளைக்காக மூடப்பட்டிருந்தது. குழாய்க்காரர் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு, வியர்த்து விறுவிறுத்து, சுவரைப் பார்த்து நின்றார். அவர் மனைவி தன் துப்பட்டாவால் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே, "இன்னும் இருபது நிமிஷம்... இன்னும் பதினெட்டு..." என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாயங்காலத்துக்குள் ஏழு ஆயிற்று. மேசைக்காரர் அவர் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டு, "தீவிரம்தான். வாழ்த்துகள்" என்றார். அதை அவர் மனதாரச் சொன்னார் என்பதுதான் விசேஷம்.

வார்டில் எட்டுக் கட்டில்கள். ஒரு கோடியில் கழிப்பறை. அதன் கதவுக்கு வெளியே ஒரு மேசை, மேசைமேல் பெரிய புத்தகம், பக்கத்தில் கயிறு கட்டின மணி. உள்ளே போவதற்கு முன் கயிற்றை இழுக்க வேண்டும். வெளியே வந்து கட்டில் எண், நேரம், 'ரத்தம் உண்டா' என்று மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். அவ்வளவு அவசரத்தில் ஓடுகிறவன் மணி அடிக்க மறந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது, திரும்பப் போக வேண்டும். மேசைக்கு எதிரே நாற்காலி போட்டு ஒரு நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அவளை எல்லோரும் கணக்கம்மா என்றார்கள். படித்த படிப்பெல்லாம் நர்ஸ் படிப்புதான். பார்த்த வேலை மணியைக் கேட்பது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அவருக்கும் இதே நோய். வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு அடிக்கடி இறங்கி ஓடியதால் பயணிகளே மனு கொடுத்துவிட்டார்களாம். "நான் இப்ப மூணுல நிக்கறேன்," என்று அவர் கிசுகிசுத்தார். "ரெண்டாக்கிட்டா அனுப்பிடுவாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்கிக்கிட்டு இருக்கேன்."

"அடக்கினா சரியாயிடுமா?"

"சரியாகறது வேற, அனுப்பறது வேற," என்றார் டிரைவர்.

மறுநாள் மணி பதினாலு தடவை அடித்தது. பெரிய புத்தகத்திலும் பதினாலு என்று ஏறியது. பெரிய டாக்டர் வந்தார். கட்டில் கட்டிலாக நின்றார், ஒரு கட்டிலிலும் ஆளைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் தொங்கிய அட்டையை மட்டும் பார்த்தார். குழாய்க்காரர் எழுந்து உட்கார்ந்து, ராத்திரி பூராவும் எப்படித் துடித்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தார். டாக்டர் கையை உயர்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க. நான் ஆளைப் பார்த்தா எனக்கு இரக்கம் வந்துடும். இரக்கம் வந்தா எண் தப்பாயிடும். அதனால பதினெட்டு வருஷமா நான் யாரையும் பார்க்கறதில்லை," என்றார். கூட வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். "இங்க வைத்தியம் படிக்கட்டு மாதிரி. முதல் படி ஸ்டீராய்டு, நரம்புல ஏத்துவோம். மூணாம் நாள் எண்ணிக்கை குறைஞ்சா முன்னேற்றம். குறையலன்னா தோல்வி. அப்புறம்தான் அறுவை டாக்டர்."

"அந்த மருந்து தோத்துடுமா, டாக்டர்?" என்று குழாய்க்காரரின் மனைவி கேட்டாள்.

"மருந்து எப்படிம்மா தோக்கும்? அது நல்ல மருந்து. நோயாளிதான் தோக்கணும்."

ஸ்டீராய்டு ஏறியது. அது உண்மையிலேயே நல்ல மருந்துதான், பலபேரைக் காப்பாற்றியிருக்கிறது. அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பதினாலு பதினொன்றாயிற்று. இன்னும் இரண்டு நாள் பொறுமையாக ஆளையும் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வியாழக்கிழமை தரச்சான்றுக் குழு வருவதாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை முன்னேற்ற மேலாளர் வார்டுக்கு வந்தார். அவர் டாக்டர் இல்லை, அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை. பெரிய புத்தகத்தைப் புரட்டினார். முகம் சிறுத்துவிட்டது.

"ஒரு வார்டுல ஒரு நாளைக்கு நாப்பத்தேழு. குழு முன்னாடி இந்த நாப்பத்தேழைத் தூக்கிக்கிட்டு நான் எப்படி நிப்பேன்? எல்லாருக்கும் பேதி நிறுத்துற மாத்திரை கொடுத்துடுங்க."

கணக்கம்மா எழுந்து நின்றாள். "சார், குடல் இந்த அளவுக்குப் புண்ணா இருக்கறப்ப அதைக் கொடுக்கக் கூடாதுன்னு புத்தகத்துல இருக்கு. குடல் வேலை செய்யறதையே நிறுத்திடும்னு..."

"எந்தப் புத்தகத்துல? நம்ம புத்தகத்துல இருக்கா?"

நம்ம புத்தகத்தில் கட்டங்கள்தான் இருந்தன. கணக்கம்மா உட்கார்ந்துவிட்டாள். மாத்திரைத் தட்டு வந்தது. டிரைவர் ஒன்றுக்கு இரண்டாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார், மறுநாள் காலையிலேயே 'இரண்டு' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போகும்போது குழாய்க்காரரிடம் கையசைத்தார். முகம் வெளிறியிருந்தது. வீடு போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பதற்குக் கட்டம் எதுவும் இல்லாததால் யாரும் கேட்கவில்லை.

குழாய்க்காரருக்குப் புதன்கிழமை ஐந்து. சாயங்காலத்துக்கு மேல் ஒன்றுகூட இல்லை. வார்டே அவரைப் பொறாமையோடு பார்த்தது. அவருக்கோ வயிறு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. முதலில் பெல்ட் இறுகியது, பிறகு சட்டைப் பொத்தான் இறுகியது. வியாழக்கிழமை விடிந்தபோது வயிறு மேடாக நின்றது. விரலால் தட்டிப் பார்த்தார். காலித் தொட்டியைத் தட்டினாற்போல டொம் என்றது. உடம்பு கொதித்தது, வாய் உலர்ந்தது, நெஞ்சு தடதடவென்று ஓடியது. வலி மட்டும் முன்னைவிடக் குறைவு. வலி போய்விட்டால் நல்லதுதானே என்று நினைக்கப் பார்த்தார். நினைக்க முடியவில்லை.

"சிஸ்டர், வர்றது நின்னு போச்சு. ஆனா உள்ள இருக்கறது எங்கயும் போகலை."

"எண்ணிக்கை பூஜ்யம். நல்ல முன்னேற்றம்னு போட்டிருக்காங்க," என்றாள் கணக்கம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல்.

"வெளிய தண்ணி வரலைங்கறதுக்காகக் குழாய் சரியாயிடுச்சுன்னு நான் ஒரு வீட்டுலயும் சொன்னதில்லை சிஸ்டர். அப்படிச் சொன்னா அடிக்க வருவாங்க. தண்ணி வரலன்னா அடைப்பு. அடைப்பை விட்டா வெடிக்கும்."

அப்போதுதான் அவள் அவர் வயிற்றைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவர் கவனித்தார், அதற்கப்புறம் அவருக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. அவள் ஓடிப் போய்ப் பெரிய டாக்டரை அழைத்து வந்தாள். அவர் அட்டையைப் பார்த்தார். "எண்ணிக்கை பூஜ்யம். வலி குறைவு. வேற என்ன வேணும்?"

"காய்ச்சல் இருக்கு டாக்டர். நாடித் துடிப்பு நூத்தி முப்பது. வயிறு..."

"காய்ச்சல் கீழ்த்தளத்துப் பிரிவு. நாடி வேற அட்டை. வயிறுன்னு நம்ம அட்டையில எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. ஸ்டீராய்டு வலியை மூடி வைக்கும் என்று கணக்கம்மா சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். பின்னாலேயே வந்த மேலாளர், "நாடி வேகமா அடிக்கத்தான் செய்யும். பதினொரு மணிக்கு இவருக்குப் பாராட்டு விழா. சந்தோஷத்துல அடிக்குது," என்றார்.

குழாய்க்காரர் மனைவியின் கையை எடுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டார்.

"கல்லு மாதிரி இருக்குங்க," என்றாள் அவள்.

"எனக்குப் பயமா இருக்கு."

கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் இந்த ஒரு வார்த்தையை அவர் அவளிடம் சொன்னதே இல்லை. மூன்றாவது மாடிக் குழாயில் கயிறு கட்டித் தொங்கும்போதுகூடச் சொன்னதில்லை. "நான் இருக்கேன்ல," என்றாள் அவள். இருந்து என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினொரு மணிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அரங்கத்துக்குத் தள்ளிப் போனார்கள். தரச்சான்றுக் குழுவினர் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். மையத்தின் இயக்குநர் பேசினார். நல்ல குரல்.

"நண்பர்களே, இந்த மையம் ஆரம்பிச்சு ஆறு வருஷத்துல இங்க ஒரு மரணம்கூட கிடையாது. எப்படின்னு கேப்பீங்க. ரொம்ப எளிமை. முன்னேறினவங்களை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறோம். முன்னேறாதவங்களை முன்னேற வச்சு அனுப்பிடறோம். அதுக்கப்புறம் நடக்கறது அவங்க குடும்ப விஷயம். அதுல தலையிடற பழக்கம் எங்ககிட்ட இல்லை."

கைதட்டல் எழுந்தது. குழுவில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். 'மாதத்தின் சிறந்த முன்னேற்ற நோயாளி' என்று அச்சடித்த சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுக்க நின்றார்கள். படம் எடுப்பவர், "வயித்தைக் கொஞ்சம் உள்ள இழுங்க" என்றார். இழுக்க முடியவில்லை. சான்றிதழையே வயிற்றுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். மறைத்தும் இரண்டு பக்கமும் வயிறு தெரிந்தது. மைக்கை அவர் வாயருகே நீட்டினார்கள்.

"நான் செத்துப் போயிடுவேன்னு தோணுது," என்றார் குழாய்க்காரர்.

மேலாளர் மைக்கை வாங்கிக்கொண்டார். "பாருங்க, சந்தோஷத்துல மனுஷனுக்கு வார்த்தை தடுமாறுது."

மறுபடியும் கைதட்டல். அவ்வளவு கைகள் தட்டுகிற ஒலிக்கு நடுவில், தான் ஒருவன் மட்டும் கிணற்றுக்குள் இருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. மனைவியைத் தேடினார். அவள் நாற்காலி காலியாக இருந்தது.

அவள் அறுவைப் பிரிவின் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வாசலில் இருந்த உதவியாளர், "தோல்விச் சீட்டு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். அப்படியானால் திரும்பிப் போகலாம் என்றார். அவள் திரும்பவில்லை. கதவு திறந்தபோது வெளியே வந்த அறுவை டாக்டரின் குறுக்கே போய் நின்றாள். வயிறு, காய்ச்சல், நாடி, மாத்திரை என்று மூச்சு விடாமல் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகிப் போயிற்று.

"எனக்குப் புரியுதும்மா. நீங்க சொல்றது உண்மைன்னா நேரமே இல்லை. ஆனா பூஜ்யம் போட்ட நோயாளியை நான் தொடக் கூடாது. போன மாசம் ஒருத்தரைச் சீட்டு இல்லாம அறுத்தேன். பிழைச்சுட்டார். ஏன் பிழைச்சார்னு இன்னும் விளக்கம் எழுதிக்கிட்டு இருக்கேன்."

"நான் என்னதான் டாக்டர் பண்றது?"

அவர் உதவியாளரை ஒரு தடவை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "சேர்ந்த மறுநாள் புத்தகத்துல ஏறின எண்ணிக்கை மறுபடி வந்தா அது தோல்வி. அந்த நிமிஷம் என் மேசையில விளக்கு எரியும். பத்து நிமிஷத்துல நான் வந்தே ஆகணும். அதுவும் விதிதான்." போகத் திரும்பினார். "நான் உங்ககிட்ட எதுவும் சொல்லலை."

அவளுக்குக் கூரியர் அலுவலகம் ஞாபகம் வந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறாள், பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. மேலே ஒட்டின சீட்டு எந்த ஊரைச் சொல்கிறதோ அந்த ஊருக்குத்தான் அது போகும். அவள் வார்டுக்கு ஓடினாள்.

விழா முடிந்து குழாய்க்காரரைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். கண் பாதி செருகியிருந்தது. அவள் அவரைத் தாண்டி நேராகக் கழிப்பறைக்குப் போனாள், கயிற்றை இழுத்தாள், உள்ளே போய் நின்றாள், வெளியே வந்து பெரிய புத்தகத்தில் அவருடைய கட்டில் எண்ணை எழுதினாள். கணக்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கணக்கம்மா கூப்பாடு போடப் போகிறாள் என்று மனைவி நினைத்தாள்.

"ரத்தம்னு எழுதுங்க," என்றாள் கணக்கம்மா. "இல்லன்னா தோல்வில சேராது. ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் மூணு நிமிஷம் இடைவெளி வேணும்." சொல்லிவிட்டு எழுந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

மூன்று நிமிஷம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கழிப்பறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அழுவாள். முகத்தைக் கழுவுவாள். வெளியே வந்து எழுதுவாள். ஓடிப் போய் அவர் மூக்குக்கு நேரே கையை வைத்துப் பார்ப்பாள். மறுபடி கயிற்றை இழுப்பாள். ஆறாவது தடவை அவருக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. பத்தாவது தடவை அவர் உதடு நீலம் பாரித்திருந்தது.

"எத்தனை?" என்று முனகினார்.

"பத்து."

"சீக்கிரம் போ. ஏதோ உள்ள இழுக்குது."

அவள் வாழ்க்கையில் இப்படி ஒரு காரியத்துக்கு ஒருவரும் அவளை அவசரப்படுத்தியதில்லை. பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றாவது தடவை மணிக்கயிறு அறுந்துவிட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது. கணக்கம்மா திரும்பாமலே பேனாவால் மணியை ஓங்கித் தட்டினாள். இன்னொரு மூன்று நிமிஷம் கழித்து இன்னொரு தடவை தட்டினாள்.

அறுவை டாக்டர் பத்து நிமிஷத்துக்குக் காத்திருக்கவில்லை. படியில் ஓடிவந்தார். அட்டையைத் தொடவே இல்லை. நேராகப் போர்வையை விலக்கி வயிற்றில் கையை வைத்தார். வார்டில் இத்தனை நாளில் ஒரு டாக்டர் அந்த வயிற்றைத் தொட்டது அதுதான் முதல் தடவை. குழாய்க்காரருக்கு அந்தக் கை பட்டதும் அழுகை வந்துவிட்டது. எக்ஸ்ரே இயந்திரத்தைக் கட்டிலுக்கே உருட்டி வரச் சொன்னார்.

"பெருங்குடல் ஆறு சென்டிமீட்டருக்கு மேல விரிஞ்சா ஆபத்து. இவருக்கு ஒன்பது. குடல் வேலை செய்யறதை நிறுத்திட்டு ஊதிக்கிட்டே போகுது. கிழிஞ்சா உள்ள இருக்கற அழுக்கெல்லாம் வயித்துக்குள்ள கொட்டிடும். அப்புறம் என் கையில இல்லை. இப்பவே எடுத்தாகணும். பெருங்குடலை எடுத்துட்டு, சிறுகுடல் நுனியை வயித்துப் பக்கவாட்டுல வெளிய கொண்டுவந்து ஒரு பை மாட்டுவோம்."

குழாய்க்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "மெயின் லைனைக் கழட்டிட்டுப் பக்கத்துல ஒரு வழி விடறீங்க."

"அதேதான்."

"அது நானும் செய்யற வேலைதான் டாக்டர். அதனாலதான் பயமா இருக்கு. எங்கெங்க தப்பாகும்னு எனக்குத் தெரியும்." அவர் டாக்டரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "கசியாம பண்ணுங்க."

"பண்றேன்," என்றார் டாக்டர்.

தள்ளுவண்டி வார்டு வாசலைத் தாண்டும் வரை மனைவி கூடவே ஓடினாள். "நான் வரலன்னா..." என்று அவர் ஆரம்பித்தார். "பேசாம இருங்க. வருவீங்க," என்று அவள் அதட்டினாள். கதவு சாத்தியதும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் வந்தார். குடலைக் கையில் எடுக்கும்போதே நனைந்த காகிதம் மாதிரி பிய்ந்து வந்ததாகவும், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் எடுத்தும் பிரயோஜனம் இருந்திருக்காது என்றும் அறுவை டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள் அவரை மறுபடி வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். வயிற்றில் நீளத் தையல், பக்கவாட்டில் பை. பையைத் தூக்கிப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "கசியலை," என்று மனைவியிடம் சொன்னார். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கெட்டது விட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

மத்தியானம் முன்னேற்ற மேலாளர் பெரிய புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். ரொம்ப மரியாதையாகப் பேசினார்.

"அம்மா, வியாழக்கிழமை மத்தியானம் இவர் பேருக்குப் பதினாலு ஏறியிருக்கு. கையெழுத்து உங்களோடது மாதிரி இருக்கு."

அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "என்னோடதுதான்," என்றாள். "அவர் உயிர் போயிட்டிருந்தது."

மேலாளர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார். "ஒத்துக்கிட்டீங்களே, அது போதும். அப்ப இவருக்கு அன்னிக்குப் பூஜ்யம்தான். முன்னேற்றம் அப்படியே நிக்குது. சான்றிதழையும் திருப்பித் தர வேண்டாம்."

"அவருக்குக் குடலையே எடுத்தாச்சுங்க."

"அது அறுவைப் பிரிவு கணக்கு. எங்க கணக்குல இவர் குடலோட நல்லாத்தான் இருக்கார்." அவர் புத்தகத்தை விரித்தார். "இப்ப சிக்கல் அந்தப் பதினாலுதான். பெரிய புத்தகத்துல அடிக்கக் கூடாது, அழிக்கக் கூடாது. மணி அடிச்சிருக்கு. மணி அடிச்சா யாரோ ஒருத்தர் போயிருக்கணும். உள்ள போனது யாரு?"

"நான்தான். உள்ள போய்ச் சும்மா நின்னேன்."

"நின்னீங்களா, என்ன பண்ணினீங்கன்னு புத்தகம் கேக்கறதில்லைம்மா. பதினாலு தடவை. ரத்தம் உண்டு. உங்க கையாலயே எழுதியிருக்கீங்க." குரலில் உண்மையான கவலை இருந்தது. "நாப்பத்தி மூணு நிமிஷத்துல பதினாலு. இந்த மையத்துலயே இவ்வளவு தீவிரமா யாருக்கும் வந்ததில்லை. இத்தனை நாள் எப்படித் தாங்கினீங்க?"

அவள் கையை இழுத்துக்கொள்வதற்குள் மணிக்கட்டில் பட்டை விழுந்துவிட்டது. டிரைவரின் கட்டில் காலியாகத்தான் இருந்தது. அதில் அவளை உட்கார வைத்துக் கால்மாட்டில் அட்டையைத் தொங்கவிட்டார்கள். அவள் முதலில் அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். பதட்டமும் இந்த நோயில் வருவதுதான் என்று மேலாளர் சொன்னார். ஒரு வாரமாகப் பெஞ்சில் உட்கார்ந்தே தூங்கினவளுக்கு, அந்தக் கட்டிலில் முதுகு பட்டதும் உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தவள் பேச்சின் நடுவிலேயே அயர்ந்துவிட்டாள்.

பெரிய டாக்டர் வந்தார். அட்டையைப் பார்த்தார். "பதினாலு. முதல் படி ஆரம்பிங்க. கூடவே நிறுத்துற மாத்திரையும்."

"டாக்டர்," என்றார் குழாய்க்காரர். தையல் சுண்டியிழுத்தது. "ஒரே ஒரு தடவை ஆளைப் பாருங்க. அவளுக்கு ஒண்ணுமில்லை. தூங்கறா, அவ்வளவுதான்."

"சோர்வு," என்று டாக்டர் அட்டையிடம் சொன்னார். கூட வந்தவர்கள் குறித்துக்கொண்டார்கள். அவர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

கணக்கம்மா மருந்துப் புட்டியும் ஊசியும் மாத்திரைத் தட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். மேலாளர் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாய்க்காரர் கட்டிலிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். உலகமே சுற்றியது. பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு இன்னொரு காலையும் வைத்தார். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இரண்டே எட்டுதான். அந்த இரண்டு எட்டையும் எடுத்து வைத்து, மனைவியின் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, ஊசி போட வேண்டிய அவள் கையை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார்.

"கையை எடுங்க," என்றாள் கணக்கம்மா.

"எடுக்க மாட்டேன்."

"பின்னாடி நிக்கறார். எடுங்க."

"எடுக்க மாட்டேன் சிஸ்டர். என்னை என்ன வேணா பண்ணிக்குங்க." வயிற்றைப் பிளக்கத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவர் இவ்வளவு பயந்ததில்லை. உடம்பு பூராவும் உதறியது, கை மட்டும் அசையவில்லை.

கணக்கம்மா மேலாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து, ஊசியைத் தலையணைக்குள் குத்தி, மருந்தைத் திறந்துவிட்டாள். மாத்திரையைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். அட்டையை எடுத்து, 'நோயாளி மருந்தை நன்றாக ஏற்றுக்கொள்கிறார்' என்று எழுதினாள். மேலாளர் எட்டிப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்.

"மூணு நாளைக்கு இப்படித்தான். அப்புறம் எண்ணிக்கை குறைஞ்சுதுன்னு அனுப்பிடுவாங்க," என்று அவள் கிசுகிசுத்தாள். "அவர் போயிட்டார். இப்ப கையை எடுக்கலாம்."

தலையணை மெல்ல நனைந்துகொண்டிருந்தது. குழாய்க்காரர் தலையை ஆட்டினார். ஆனால் கையை எடுக்கவில்லை.